டைபீரியஸ்: கொங்கு மண்ணில் புதைந்த வெள்ளிக்காசில் இருக்கும் ரோமப் பேரரசர் யார்?

பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை இன்றும் இப்படித்தான் சொல்கிறோம். கையில் இருப்பது காகிதமோ பிளாஸ்டிக்கோ, சில நேரம் கைப்பேசியில் தெரியும் வெறும் எண்ணோ, பெயர் மட்டும் வெள்ளிதான். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசுகள்தான் இதற்குக் காரணம். 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லே அந்தக் காசின் பல் பல்லான விளிம்பைக் குறிப்பதுதான்.

அதற்கும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பு தமிழர் கையில் இன்னொரு வெளிநாட்டு வெள்ளி புழங்கியது. ரோமானியர்கள் அதை டெனாரியஸ் என்று அழைத்தார்கள்.

தமிழ்நாட்டின் கோயம்புத்தூர், கரூர், உடுமலைப்பேட்டை பக்கம் நிலத்தைத் தோண்டும்போது இந்தக் காசுகள் பலமுறை மொத்தமாகக் கிடைத்திருக்கின்றன. 1842-ல் கோவை அருகே வெள்ளலூரில் 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1946-ல் உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் ஒரே இடத்தில் ஏறத்தாழ 1,400 காசுகள் வெளியே வந்தன.

தென்னிந்தியாவில் கிடைத்த டெனாரியஸ்களில் மிக அதிகமாக இருப்பது ஒரே ஒருவரின் முகம். அவர்தான் ரோமின் இரண்டாவது பேரரசர் டைபீரியஸ். தமிழ் பைபிளில் திபேரியு இராயன் என்று வருபவரும் இவர்தான்.

யார் இவர்? தமிழகத்துக்கு ஒருமுறைகூட வராத ஒருவரின் முகம் இங்கே எப்படி இவ்வளவு வந்து சேர்ந்தது?

காசில் என்ன இருக்கிறது?

டைபீரியஸின் டெனாரியஸ் ஏறத்தாழ நம்ம 10 சென் காசளவுதான் இருக்கும். எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய சுத்த வெள்ளி.

ஒரு பக்கத்தில் வலப்புறம் பார்க்கும் ஓர் ஆண் தலை. தலையில் லாரல் இலைகளால் ஆன வெற்றி மாலை. சுற்றிலும் லத்தீன் எழுத்துகள். தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ் என்பது அதன் பொருள்.

மறுபக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் நீண்ட கோல், இன்னொரு கையில் ஒரு கிளை. சுற்றியுள்ள எழுத்துகள் தலைமைப் பூசாரி என்ற டைபீரியஸின் பதவியைச் சொல்கின்றன. அந்தப் பெண் அமைதியின் தெய்வம் என்று சிலர் சொல்கிறார்கள். டைபீரியஸின் அம்மா லிவியாவைத்தான் அந்தத் தெய்வத்தின் வடிவில் காட்டியிருக்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள்.

செய்தித்தாளோ தொலைக்காட்சியோ இல்லாத காலம் அது. பேரரசரை நேரில் பார்க்காத கோடிக்கணக்கான மக்களுக்கு அவர் யார், யாருடைய மகன், என்ன பதவியில் இருக்கிறார் என்பதை எல்லாம் சொன்னது சட்டைப்பையில் கிடக்கும் அளவுக்குச் சின்னதான இந்தக் காசுதான்.

ஆனால் காசு எல்லாவற்றையும் சொல்லவில்லை. தெய்வத்தின் மகன் என்று எழுதியிருக்கிறதே, உண்மையில் டைபீரியஸ் அகஸ்டஸ் பெற்ற பிள்ளையே இல்லை.

தப்பி ஓடிய குடும்பத்தின் கைக்குழந்தை

கி.மு. 42 நவம்பர் 16-ல் ரோமில் டைபீரியஸ் பிறந்தார். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாடு முழுக்க உள்நாட்டுப் போர். டைபீரியஸின் அப்பா, பிற்காலத்தில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஆக்டேவியனுக்கு எதிர் அணியில் இருந்தவர். அந்த அணி தோற்றது. குடும்பம் கைக்குழந்தையோடு சிசிலிக்கும் பிறகு கிரேக்க நாட்டுக்கும் தப்பி ஓடியது. ஒளிந்து போகும் வழியில் குழந்தை அழுது, அவர்களைக் கிட்டத்தட்டக் காட்டிக் கொடுத்துவிட்டதாக ரோமானிய எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

பிறகு பொது மன்னிப்பு கிடைத்தது. குடும்பம் ரோமுக்குத் திரும்பியது. ஆனால் நிம்மதி கிடைக்கவில்லை. ஆக்டேவியனுக்கு லிவியாவைப் பிடித்துப்போனது. கி.மு. 38-ல் லிவியா தன் கணவரை விவாகரத்து செய்துவிட்டு ஆக்டேவியனை மணந்தார். அப்போது அவர் வயிற்றில் இரண்டாவது குழந்தை. அந்தக் குழந்தைதான் டைபீரியஸின் தம்பி துருசஸ்.

ஒன்பது வயதில் டைபீரியஸ் தன் அப்பாவை இழந்தார். இறுதிச் சடங்கில் இரங்கல் உரை ஆற்றியது அந்தச் சிறுவன்தான். அதன்பின் அவர் வளர்ந்தது அப்பாவை எதிர்த்து ஜெயித்தவரின் வீட்டில்.

அந்த வீட்டில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல கல்வி, நல்ல பயிற்சி. 21 வயதில் கிழக்கே அனுப்பப்பட்டு, ரோமுக்கு வேண்டிய ஒருவரை ஆர்மீனியாவின் அரியணையில் அமர்த்தினார். பிறகு ஆல்ப்ஸ் மலைப்பகுதி, டான்யூப் நதிக்கரை, ஜெர்மனி என்று படைகளை நடத்தினார். ரோமின் மிகத் திறமையான தளபதிகளில் ஒருவர் என்று பெயர் வாங்கினார்.

பிரிய மனமில்லாத மனைவி

டைபீரியஸ் விப்சானியா என்ற பெண்ணை மணந்திருந்தார். அகஸ்டஸின் நெருங்கிய நண்பரும் தளபதியுமான அக்ரிப்பாவின் மகள் அவர். அரசியலுக்காக நடந்த திருமணம்தான், ஆனாலும் இருவரும் மனமொத்து வாழ்ந்தார்கள். ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் துருசஸ் என்றே பெயர்.

கி.மு. 12-ல் அக்ரிப்பா இறந்துபோனார். அவருடைய மனைவி ஜூலியா, அகஸ்டஸின் ஒரே மகள். ஜூலியாவுக்கு உடனே இன்னொரு கணவர் வேண்டும் என்று அகஸ்டஸ் முடிவு செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் டைபீரியஸ்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிடித்த மனைவியை விட்டுவிட்டு, மாமனாரின் விதவையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் விப்சானியா அப்போது மறுபடியும் கர்ப்பமாக இருந்தார். மறுத்துப் பேச டைபீரியஸால் முடியவில்லை.

விவாகரத்துக்குப் பிறகு ஒருநாள் விப்சானியாவை அவர் வழியில் பார்த்தார். கண்ணீரோடு அவர் பின்னாலேயே பார்வை போனதாகவும், இனி இருவரும் எதிரெதிரே வராதபடி ஏற்பாடு செய்யப்பட்டதாகவும் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார்.

கி.மு. 9-ல் அடுத்த அடி விழுந்தது. ஜெர்மனியில் படை நடத்திக்கொண்டிருந்த தம்பி துருசஸ் குதிரை விபத்தில் காயமடைந்தார். சேதி கேட்ட டைபீரியஸ் இரவு பகலாகப் பயணம் செய்து, தம்பியின் உயிர் பிரியும் முன் போய்ச் சேர்ந்தார். பிறகு ரோம் வரை, தம்பியின் உடலுக்கு முன்னால் நடந்தே வந்தார்.

இரண்டு பையன்கள் இருக்கும் காசு

கொங்குப் பகுதியில் டைபீரியஸின் காசுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைப்பது அகஸ்டஸின் டெனாரியஸ். அதிலும் பெரும்பாலானவற்றின் பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். கையஸ், லூசியஸ் என்பது அவர்கள் பெயர். அக்ரிப்பாவுக்கும் ஜூலியாவுக்கும் பிறந்த பிள்ளைகள், அதாவது அகஸ்டஸின் பேரன்கள். ஆண் வாரிசு இல்லாத அகஸ்டஸ் இருவரையும் தன் மகன்களாகவே தத்தெடுத்துக்கொண்டார்.

கி.மு. 2 முதல் அச்சான அந்தக் காசு ஊருக்கே ஒரு சேதியைச் சொன்னது. அடுத்து ஆளப்போவது இவர்கள்தான். போர்க்களத்தில் உழைத்த டைபீரியஸின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

காசு வருவதற்கு முன்பே டைபீரியஸுக்கு இது புரிந்துவிட்டது. ஜூலியாவோடும் ஒத்துப்போகவில்லை. கி.மு. 6-ல் எல்லாப் பொறுப்பையும் விட்டுவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டார். அப்போது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை. அகஸ்டஸுக்குக் கடும் கோபம். பிறகு டைபீரியஸ் திரும்பி வர ஆசைப்பட்டபோது, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதற்கிடையே கி.மு. 2-ல் நடத்தை சரியில்லை என்று சொல்லி ஜூலியாவை அகஸ்டஸ் நாடு கடத்தினார்.

விதி வேறு கணக்குப் போட்டிருந்தது. கி.பி. 2-ல் லூசியஸ் இறந்தார். கி.பி. 4-ல் கையஸ் இறந்தார். காசில் நின்ற இரண்டு இளைஞர்களும் போய்விட்டார்கள். அகஸ்டஸுக்கு வேறு வழி தெரியவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் 44 வயது டைபீரியஸைத் தத்தெடுத்துக்கொண்டார்.

ஆக, தாயின் கணவராக இருந்து, பிறகு மாமனாராகி, கடைசியில் அப்பாவும் ஆனார் அகஸ்டஸ். காசில் இருக்கும் தெய்வத்தின் மகன் என்ற பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

கூலி கேட்டுக் கிளம்பிய சிப்பாய்கள்

கி.பி. 14 ஆகஸ்ட் 19-ல் அகஸ்டஸ் இறந்தார். 55 வயதை நெருங்கிக்கொண்டிருந்த டைபீரியஸ் பேரரசர் ஆனார்.

ஆரம்பமே சோதனை. டான்யூப் பகுதியிலும் ரைன் நதிக்கரையிலும் இருந்த படைகள் கலகம் செய்தன. அவர்களுடைய முக்கியமான கோரிக்கை என்ன தெரியுமா? நாளுக்கு ஒரு டெனாரியஸ் சம்பளம். அப்போது அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குப் பத்து ஆஸ். ஒரு டெனாரியஸ் என்பது 16 ஆஸ். அந்தச் சம்பளத்திலிருந்துதான் உடுப்புக்கும் ஆயுதத்துக்கும் கழித்துக்கொள்வார்கள்.

அதாவது கொங்கு மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடைத்த அந்த வெள்ளிக்காசில் ஒன்றே ஒன்றை நாள் கூலியாகக் கேட்டுத்தான் ரோமானியச் சிப்பாய்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. கேட்ட சம்பள உயர்வு நிலைக்கவில்லை.

ஆட்சியின் முதல் பாதியில் டைபீரியஸ் நிதானமாகவே நடந்துகொண்டார். தன்னைத் தெய்வமாக வைத்துக் கோயில் கட்ட ஸ்பெயினிலிருந்து வந்த வேண்டுகோளை மறுத்தார். தேசத்தந்தை என்ற பட்டத்தையும் ஏற்கவில்லை. கி.பி. 17-ல் இன்றைய துருக்கியில் நிலநடுக்கம் 12 நகரங்களைச் சிதைத்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட சார்டிஸ் நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் கொடுக்க உறுதியளித்து, ஐந்து ஆண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தால் ஒரு டெனாரியஸ்.

வெள்ளிக்காசு விஷயத்திலும் அதே நிதானம்தான். ஆட்சியின் தொடக்கத்தில் ஓரிரு வேறு வடிவங்களில் டெனாரியஸ் வெளியிட்டார். அதன்பின் உட்கார்ந்த பெண் இருக்கும் ஒரே வடிவம்தான், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு. நாற்காலிக் காலின் அமைப்பு போன்ற சின்னச் சின்ன மாற்றங்களை வைத்துத்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். இவை அச்சான இடம் இன்றைய பிரான்சின் லியோன் நகரம் என்பது பொதுவான கருத்து.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பேரரசருக்கு வயதாகிக்கொண்டே போனது, காசில் இருந்த முகத்துக்கு வயதே ஆகவில்லை. முதுமையில் அவர் கூன் விழுந்து, தலை வழுக்கையாகி, முகத்தில் புண்ணுக்கு மருந்துப் பட்டி ஒட்டியபடி இருந்தார் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். காசில் பார்த்தால் நிறைய முடியோடு, லாரல் மாலையோடு இருக்கிறார். இடி என்றால் டைபீரியஸுக்குப் பயம். லாரல் இலையை மின்னல் தாக்காது என்ற நம்பிக்கையில், வானம் இருண்டாலே அந்த மாலையை எடுத்து மாட்டிக்கொள்வாராம்.

இது நமக்குப் புதிதல்ல. நம்முடைய ரிங்கிட் நோட்டுகளில் இருப்பது முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படம். அவர் 1960-ல் மறைந்தார். 1967-ல் வெளியான முதல் மலேசிய நோட்டிலிருந்து இன்றுவரை அந்த முகம் தொடர்கிறது. மக்கள் பழகிய முகத்தை நம்புகிறார்கள். பணத்துக்கு அந்த நம்பிக்கைதான் உயிர்.

மிளகுக்காகப் போன பணம்

கி.பி. 22-ல் ரோமானியப் பணக்காரர்களின் ஆடம்பரத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. டைபீரியஸ் செனட் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் விரும்பும் ரத்தினக் கற்களுக்காக ரோமின் பணம் அந்நிய நாடுகளுக்கும் எதிரி நாடுகளுக்கும் போய்க்கொண்டிருப்பதை அதில் சுட்டிக்காட்டினார். ஆனாலும் சட்டம் போட்டு இதை நிறுத்த முடியாது, மக்கள் தாங்களாகத்தான் திருந்த வேண்டும் என்பது அவருடைய முடிவு. டாசிடஸ் இந்தக் கடிதத்தின் சாரத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று தமிழகம். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்துச் சேரநாட்டு முசிறிக்கு வந்தன. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ம் பாடல் சொல்கிறது. முத்து, தந்தம், மெல்லிய துணி, கொங்குநாட்டுப் பச்சைநிறப் பெரில் கல் எல்லாமே மேற்கே போயின. பெரில் கல்லுக்குப் பேர் போன படியூரும், மணி செய்யும் பட்டறைகள் இருந்த கொடுமணலும், சேரர் தலைநகரான கரூரும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறியிலிருந்து கொங்குநாட்டுக்கு நேராக வந்துவிடலாம். வெள்ளிக்காசுகள் ஏன் இங்கே குவிந்தன என்பதற்கு இந்தப் பாதையே பதில்.

ரோமில் ஒரு பவுண்டு கருமிளகின் விலை நான்கு டெனாரியஸ் என்று பிளினி என்ற எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். சிப்பாய் நாள் முழுக்க உழைத்தாலும் ஒரு டெனாரியஸ் சேராது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்றும் பிளினி அலுத்துக்கொள்கிறார்.

வணிகம் அங்கேயும் நிற்கவில்லை. தமிழகத்திலிருந்து கிழக்கே நம் பக்கமும் வந்தது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள குவான் லுக் பாட் என்ற இடத்தில், தமிழ் பிராமி எழுத்தில் பெரும்பதன் என்ற பெயர் பொறித்த உரைகல் கிடைத்திருக்கிறது. தங்கத்தின் தரத்தை உரசிப் பார்க்கும் கல் அது. காலம் கி.பி. 3 அல்லது 4-ம் நூற்றாண்டு. கடல் தாண்டி வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் கையோடு கொண்டுவந்த பொருள்.

பயம் ஆண்ட காலம்

டைபீரியஸின் சொந்த வாழ்க்கை மறுபடி சரிந்தது. கி.பி. 19-ல் அவருடைய தம்பி மகனும் தத்து மகனுமான ஜெர்மானிகஸ் சிரியாவில் இறந்தார். மக்கள் மிகவும் நேசித்த இளவரசர் அவர். டைபீரியஸ்தான் விஷம் வைக்கச் சொன்னார் என்று வதந்தி பரவியது. கி.பி. 23-ல் சொந்த மகன் துருசஸும் போய்விட்டார்.

தனிமைப்பட்ட டைபீரியஸ் ஒரே ஒருவரை நம்பினார். மெய்க்காவல் படைத் தலைவர் செஜானஸ். கி.பி. 26-ல் ரோமை விட்டுக் கிளம்பி காப்ரி தீவில் குடியேறினார் டைபீரியஸ். அடுத்த 11 ஆண்டுகள், இறக்கும்வரை, ரோம் நகருக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. பேரரசு கடிதத்தில் நடந்தது. கடிதம் யார் கை வழியாகப் போக வேண்டும் என்பதைச் செஜானஸ் பார்த்துக்கொண்டார்.

அரசத் துரோக வழக்குகள் பெருகின. ஒருவர் பேசியது, எழுதியது, ஏன், சிலை முன்னால் நடந்துகொண்டது எல்லாமே குற்றமானது. அகஸ்டஸின் உருவம் பதித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குள் கொண்டுபோவதுகூட மரண தண்டனைக்குரிய குற்றம் ஆகிவிட்டது என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதக்கூடியவர்தான். ஆனாலும் காசில் இருக்கும் முகத்தைப் பார்த்து மக்கள் பயந்த காலம் அது என்பது தெரிகிறது.

கி.பி. 31-ல் செஜானஸ் தனக்கே குழி பறிக்கிறார் என்று டைபீரியஸ் உணர்ந்தார். அக்டோபர் 18-ல் செனட்டில் ஒரு நீண்ட கடிதம் வாசிக்கப்பட்டது. புகழ்ச்சி வரும் என்று காத்திருந்த செஜானஸ், அதே நாளில் கொல்லப்பட்டார். சிலைகள் உடைக்கப்பட்டன. ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரில் அவர் பெயரோடு ஏற்கெனவே அச்சான செப்புக்காசுகளில், பெயரை மட்டும் தேடிப்பிடித்துச் செதுக்கி எடுத்தார்கள். அப்படிப் பெயர் சுரண்டிய காசுகள் இன்றும் கிடைக்கின்றன.

ஜெர்மானிகஸின் மனைவி அக்ரிப்பினாவும் அவருடைய இரண்டு மகன்களும் சிறையிலும் நாடுகடத்தலிலும் உயிரிழந்தார்கள். அந்தக் குடும்பத்தில் தப்பிய மகன் கலிகுலா.

காசு கிடைக்காத ரோம்

கி.பி. 33-ல் ரோமில் பெரிய பணத்தட்டுப்பாடு ஏற்பட்டது. வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டத்தைத் திடீரென்று அமல்படுத்தினார்கள். கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கடன்காரர்கள் நிலத்தை விற்க ஓடினார்கள். எல்லோரும் விற்றதால் நிலத்தின் விலை சரிந்தது. வாங்க யார் கையிலும் காசு இல்லை.

டைபீரியஸ் பத்துக் கோடி செஸ்டர்ஸை ஒதுக்கி, நிலத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். நிலைமை மெல்லச் சீரானது. நெருக்கடி வரும்போது அரசு சந்தையில் பணத்தை இறக்குவதை இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கிறோம். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அதைச் செய்தவர்களில் இவர் ஒருவர்.

கி.பி. 37 மார்ச் 16-ல் மிசேனம் என்ற கடற்கரை ஊரில் 77 வயதில் டைபீரியஸ் இறந்தார். சேதி வந்ததும் ரோம் மக்கள் கொண்டாடினார்கள். உடலை டைபர் ஆற்றில் வீசச் சொல்லிச் சிலர் கத்தினார்கள். அகஸ்டஸைத் தெய்வமாக்கிய செனட், டைபீரியஸுக்கு அந்த மரியாதையைத் தரவில்லை. அவர் கஜானாவில் விட்டுப்போனது 270 கோடி செஸ்டர்ஸ் என்று சுவெட்டோனியஸ் கணக்குச் சொல்கிறார். அடுத்து வந்த கலிகுலா அதை ஓர் ஆண்டு முடிவதற்குள் தீர்த்துவிட்டாராம்.

தமிழகத்தில் அந்த முகத்துக்கு என்ன மதிப்பு?

டைபீரியஸ் காலத்துக் காசு என்பதால், அவர் ஆட்சியிலேயே எல்லாம் தமிழகத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையைக் குறைத்தார், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதன்பின் வந்த புது டெனாரியஸ்கள் தென்னிந்தியாவில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. இங்கே இருந்த வணிகர்கள் பழைய, நல்ல காசாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். டைபீரியஸ் இறந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் முகம் கப்பலேறி வந்திருக்கலாம்.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா நகைக்கடையில் சங்கிலி வாங்கும்போது நாம் 916 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். முத்திரை குத்தியவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை. கரூர் வணிகருக்கு டைபீரியஸின் முகம் அப்படி ஒரு முத்திரை. இந்த முகம் இருந்தால் வெள்ளி சுத்தம், எடை சரி. அவ்வளவுதான்.

இலங்கை பற்றியும் பிளினி இப்படி ஒன்றைச் சொல்கிறார். பேரரசர் கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடித்துச் செல்லப்பட்ட ஒரு ரோமானியர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரிடம் இருந்த டெனாரியஸ்களில் வெவ்வேறு ஆட்சியாளர்களின் முகங்கள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதைப் பார்த்து ரோமானியர்கள் நேர்மையானவர்கள் என்று இலங்கை மன்னர் வியந்தாராம்.

அந்த முகத்துக்கு இங்கே கிராக்கி இருந்ததற்கு இன்னொரு சான்றும் உண்டு. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் லத்தீன் எழுத்துகள் வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும். செய்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை, வாங்கியவருக்கும் அது தேவைப்படவில்லை.

எல்லோரும் அந்த முகத்தை அப்படியே விட்டுவைக்கவும் இல்லை. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீது உளியால் வெட்டப்பட்டிருக்கிறது. மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்பதற்காக வெட்டியிருக்கலாம். ரோமில் செய்திருந்தால் தலை போயிருக்கக்கூடிய காரியம்.

இன்னொரு பக்கம், பார்த்துக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் ஓர் அரசரின் முகம் பக்கவாட்டில், ரோமானியக் காசு பாணியில் இருக்கிறது. மேலே தமிழ் பிராமியில் மாக்கோதை என்ற பெயர். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அதுவரை இந்தப் பக்கத்துக் காசுகளில் யானை, வில், புலி, மீன் என்று சின்னங்கள்தான் வழக்கம். தன் முகத்தையும் பெயரையும் காசில் போடலாம் என்ற யோசனை ஒரு சேர மன்னருக்கு வந்ததற்கு, கரூர்ச் சந்தையில் புழங்கிய ரோமானிய வெள்ளி காரணமாக இருந்திருக்க வேண்டும்.

டைபீரியஸை எப்படிப் புரிந்துகொள்வது?

நமக்குக் கிடைத்திருக்கும் டைபீரியஸ் பெரும்பாலும் டாசிடஸும் சுவெட்டோனியஸும் எழுதிய டைபீரியஸ். இருவரும் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர்கள், அவரைப் பிடிக்காதவர்கள். அவருக்குக் கீழே படையில் பணியாற்றிய வெல்லேயஸ் என்பவரும் எழுதியிருக்கிறார். அவர் ஒரே புகழ்ச்சி. காசு சொல்வது மூன்றாவது கதை: குறையே இல்லாத, வயதே ஆகாத, தெய்வத்தின் மகன்.

வழக்குகளில் பலர் உயிர் போனது உண்மை. நிலநடுக்கத்தில் வீடிழந்த ஊர்களுக்கு உதவி போனதும் உண்மை. ஒருவர் முகம் பணத்தில் இருக்கிறது என்பதற்காக அவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை, ஊர் வெறுத்தது என்பதற்காக அவர் செய்த நல்லதும் இல்லாமல் போவதில்லை.

ரோமின் பணம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்று கவலைப்பட்டு எழுதிய பேரரசர் அவர். கடைசியில் பார்த்தால், தென்னிந்திய மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் எல்லாரையும் விட அதிகமாக இருப்பது அவருடைய முகம்தான்.